மச்சம் விலக்கிய நாட்களும் தீட்டிய அரிசியும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்பார்கள். களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து போரதீவுப்பற்றுக்குள் போனால் வரும் பழைய ஊர்களில் ஒன்று பழுகாமம். திரௌபதை அம்மன் கோயிலாலும் அதன் தீமிதிப்பாலும் பெயர்பெற்ற ஊர் அது. சுற்றிலும் வயல்வட்டைகள், ஒரு பக்கம் வாவி, மேற்கே போகப்போகக் காடும் மேய்ச்சல் தரையும். இப்படிப்பட்ட ஊர்களைப் பற்றி இன்று ஒரு பேச்சு பரவலாக இருக்கிறது. நமது மூதாதையர் மரக்கறியும் சோறும் உண்டு வாழ்ந்தார்கள், அதனால்தான் அவர்களுக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் மாரடைப்பும் வரவில்லை, மச்சத்தை, அதாவது மீனையும் இறைச்சியையும், விட்டு மரக்கறிக்குத் திரும்பினால் அவை போய்விடும் என்பதே அந்தப் பேச்சு. மேற்கிலிருந்து வரும் தாவர உணவுப் பிரசாரமும் அதற்கு வலுச்சேர்க்கிறது. ஆனால் படுவான்கரையின் உணவு வரலாற்றைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் இந்தப் பேச்சில் பாதிதான் உண்மை என்பது புலப்படும். அந்த மக்கள் பெரும்பாலும் தாவரங்களையே உண்டார்கள் என்பது சரி. மீனை விலக்கியதால்தான் நலமாக இருந்தார்கள் என்பது சரியல்ல, ஏனென்றால் அவர்கள் மீனை விலக்கவே இல்லை. அதைவிட முக்கியமானது, இன்றைக்கு அவர்களின் பேரப்பிள்ளைகள் உண்பதும் பெரும்பாலும் தாவர உணவுதான். மாறியது தாவரத்தின் அளவு அல்ல. தானியம் தட்டுக்கு வந்து சேரும் விதமும், அதனுடன் கூட வந்தவையும்தான் மாறின.

பழைய படுவான்கரைத் தட்டில் என்ன இருந்தது என்பதற்கு நிலமே சாட்சி. எஸ். ஓ. கனகரெத்தினம் 1921இல் வெளியிட்ட மட்டக்களப்பு மாவட்டம் பற்றிய ஆங்கில நூலும், வி. சீ. கந்தையா 1964இல் எழுதிய 'மட்டக்களப்புத் தமிழக'மும் இந்த நாட்டின் வாழ்க்கையை விரிவாகப் பதிவு செய்தவை. நெல்லே மையம். போடியார் நிலத்துக்கு உடையவர், முல்லைக்காரன் வேலையை நடத்துபவன், வட்டை விதானை நீரையும் வேலியையும் பார்ப்பவர், அறுத்த கதிர் களவெட்டியில் மாடு வளைத்துச் சூடடிக்கப்படும். வயலுக்கு அப்பால் சேனை. காட்டை வெட்டி எரித்த மேட்டு நிலத்தில் சோளன், இறுங்கு, குரக்கன், பயறு, எள், பூசணி எல்லாம் ஒன்றோடொன்று கலந்து வளரும். அதற்கும் அப்பால் மாட்டுப்பட்டிகள். எருமைத் தயிரில் மட்டக்களப்புக்கு இன்றைக்கும் உள்ள பெயர் அங்கிருந்து வந்தது. முன்னால் வாவி. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான அந்த உவர்நீரில் இறாலும் நண்டும் மணலையும் கொடுவாவும் கிடைத்தன, மழைக்காலத்தில் குளத்து மீனும் சேர்ந்துகொண்டது. காட்டிலிருந்து எப்போதாவது மானும் பன்றியும் வரும். வேலியிலும் வரம்பிலும் முருங்கை, முசுட்டை, குறிஞ்சா, பொன்னாங்காணி, வல்லாரை. ஒரு வேலையாளின் காலைச் சாப்பாடு முதல்நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்த பழஞ்சோறு, அதில் தயிர், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், இருந்தால் முதல்நாள் மீன்கறி. வயிற்றை நிரப்பியது தானியம். மீனும் தயிரும் அளவில் சிறியவை, ஆனால் அநேகமாக ஒவ்வொரு நாளும் இருந்தவை.

அப்படியானால் மரக்கறி உணவு இந்த நாட்டில் எங்கே இருந்தது? காலத்தில் இருந்தது. வைகாசி மாதம் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கு நடக்கும். கடைசியில் குளிர்த்தி. அந்த நாட்களில் கோயிலைச் சேர்ந்த குடிகள் மச்சம் தொடமாட்டார்கள். மீன் சமைத்த சட்டிகள் ஒதுக்கப்படும், வீடு மெழுகிக் கழுவப்படும், சிலர் புதுச்சட்டியில் மட்டும் சமைப்பார்கள். பழுகாமத்திலும் பாண்டிருப்பிலும் திரௌபதை அம்மனுக்கு நோன்பு நோற்றுத் தீமிதிக்கிறவர்கள் அதைவிடக் கடுமையாக இருப்பார்கள். சடங்கு முடிந்ததும் வாவி மீன் மறுபடியும் அடுப்புக்கு வரும். இதை யாரும் குறையாக நினைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் (1822–1879) நடத்திய சைவச் சீர்திருத்தம் புலால் மறுத்தலை ஒரு வாழ்நாள் ஒழுக்கமாகவும், காலப்போக்கில் சமூக மதிப்பின் அடையாளமாகவும் ஆக்கியது. முக்குவரும் வேளாளரும் போடிகளாக இருந்த மட்டக்களப்பு நாட்டில் அந்தப் பிரசாரம் அதே ஆழத்துக்கு வேர்விடவில்லை. இங்கே மச்சம் விலக்குவது ஒருவருடைய நிலையான தகுதி அல்ல, ஊர் முழுதும் ஒரு காலத்தில் கூடி ஏற்கும் விரதம்.

அந்த விரதம் நோயுடன் நேரடியாகத் தொடர்புபட்டது என்பதுதான் இந்த வரலாற்றில் மிகவும் கவனிக்க வேண்டியது. தாவர உணவும் நோய்த் தடுப்பும் பற்றிய விவாதத்தை நாம் புதிதாகத் தொடங்கவில்லை. குளிர்த்தி என்பது சூட்டைத் தணிக்கும் சடங்கு. அம்மனின் கோபம் வெக்கையாக இறங்கி வைசூரியாகவும் கொப்புளிப்பானாகவும் சின்னமுத்தாகவும் வெளிப்படும் என்பது நம்பிக்கை. இவற்றுக்குப் பொதுப்பெயரே அம்மாள் வருத்தம். மீனும் இறைச்சியும் உடலில் சூடு கிளப்புபவை, மரக்கறியும் மோரும் இளநீரும் குளிர்ச்சி தருபவை. ஆகவே அம்மாள் வருத்தம் வந்த வீட்டில் மச்சம் இல்லை, தாளிப்பு இல்லை, வாசலில் வேப்பிலை, அயலவர் உள்ளே வருவதில்லை. கிழக்கிலங்கைத் தமிழரிடையே நீண்ட காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இந்தச் சூடு, குளிர் பகுப்பு உணவையும் உடலையும் பாலுறவையும் வழிபாட்டையும் ஒரே நூலில் கோக்கும் விதத்தைத் தமது எழுத்துகளில் விளக்கியிருக்கிறார். இது ஒரு முழுமையான நோய்க் கோட்பாடு. அதைக் கேலி செய்வது பிழை. நோயாளியைத் தனிமைப்படுத்தியது, சுத்தம் பேணியது, வயிற்றுக்கு இலகுவான உணவு கொடுத்தது என்று நடைமுறையில் அதற்குப் பயன் இருந்தது. ஆனால் வைசூரியை ஒழித்தது தடுப்பூசி. 1980இல் உலக சுகாதார அமைப்பு அந்த நோய் உலகிலிருந்தே நீங்கியதாக அறிவித்தது. மச்சம் விலக்கியதால் அது விலகியதென்று அம்மன் கோயிலில் பூசை செய்யும் எந்தக் கட்டாடியாரும் இன்று சொல்லமாட்டார். அந்த விரதத்தின் இலக்கு தொற்றுநோய். நாற்பது வயதுக்கு மேல் மெதுவாக வரும் நீரிழிவும் மாரடைப்பும் அதன் கணக்கிலேயே இருக்கவில்லை.

இருந்திருக்கவும் முடியாது. இலங்கையில் 1946இல் பிறந்த ஒரு குழந்தையின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு ஏறத்தாழ 43 ஆண்டுகள்தான். உலர்வலயம் முழுவதும் மலேரியாக் காய்ச்சல் நிரந்தரமாக இருந்தது. நாற்பதுகளின் நடுப்பகுதியில் டி.டி.ரி. தெளிப்பு தொடங்கிய பின்னரே அது தணிந்தது. குழந்தைப் பருவ இறப்பு இந்தச் சராசரியை இறக்கிக் காட்டுகிறது என்பது உண்மையே, ஐம்பதையும் அறுபதையும் தாண்டியவர்கள் ஊரில் இருக்கத்தான் செய்தார்கள். ஆனாலும் நீரிழிவு பெரும்பாலும் இரத்தத்தைச் சோதித்தால்தான் தெரியும் நோய். இரத்த அழுத்தம் கருவி இல்லாமல் தெரியாது. சோதிக்காத ஒரு காலத்தைப் பார்த்து, நோயே இல்லாத காலம் என்று சொல்வது சான்றில்லாத கூற்று. அந்தக் காலத்தில் இந்த நோய்கள் இன்றைக்கு இருக்கும் அளவுக்கு இருந்திருக்காது என்று நம்புவதற்கு வேறு நல்ல காரணங்கள் உண்டு. அவற்றைத் தேட வேண்டிய இடம் மீன்சட்டி அல்ல, உரல்.

படுவான்கரையில் நெல் அரிசியாவதற்கு ஒரு முழுநாள் வேலை தேவைப்பட்டது, அதைப் பெரும்பாலும் பெண்களே செய்தார்கள். நெல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, பெரிய பானையில் இட்டு, உமி வெடித்து வாய்திறக்கும் வரை அவிப்பார்கள். பின்னர் பாயில் பரப்பி வெயிலில் காயவிடுவார்கள். முற்றக் காய்ந்தால் குத்தும்போது நொறுங்கும், ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்துத்தான் பதம் அறிவார்கள். அதன் பிறகு உரலில் இட்டு இரண்டு பேர் மாறிமாறி உலக்கை போட்டுக் குத்தி, சுளகில் புடைத்து உமியையும் குருணலையும் பிரிப்பார்கள். இப்படி வந்த அரிசி சிவப்பாக, தவிட்டில் ஒரு பகுதி ஒட்டியபடி இருக்கும். பச்சைப்பெருமாள் போன்ற நாட்டு நெல்லினங்களின் நிறமே அப்படி. இந்த வேலைமுறைக்குள் இரண்டு காரியங்கள் அவர்கள் அறியாமலே நடந்தன. அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள உயிர்ச்சத்து பி1 உட்பட நீரில் கரையும் சத்துகள் மணியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுகின்றன. அதனால் பிற்பாடு தவிடு போனாலும் சத்து முழுதாகப் போவதில்லை. அவித்துக் காய்ந்த மாப்பொருள் இறுகுவதால், அதே அளவு பச்சரிசிச் சோற்றைவிடப் புழுங்கல் சோறு மெதுவாகவே சீனியாக இரத்தத்தில் ஏறுகிறது. ஒட்டியிருக்கும் தவிடு நார்ச்சத்தைக் கூட்டி அந்த வேகத்தை இன்னும் குறைக்கிறது.

இதில் முதலாவது காரியம் எவ்வளவு பெரியது என்பதை உலகத்துக்குக் காட்டியதில் தமிழர் சோற்றுக்கு ஒரு பங்கு உண்டு, அது நம்மவர்கள் அதிகம் பேசாத வரலாறு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மலாயாவின் தகரச் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் பெரிபெரி என்ற நோய் ஆட்களைக் கொன்றது. கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் நின்றுபோகும் நோய். சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசியைச் சாப்பிட்ட சீனத் தொழிலாளர்கள் கூட்டமாக விழுந்தார்கள். பக்கத்திலேயே புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழ்த் தொழிலாளர்களிடம் அந்த நோய் மிக அரிது. வைத்தியர் லியோனார்ட் பிராடன் இந்த வேறுபாட்டைப் பல ஆண்டுகள் கவனித்து 1907இல் நூலாக எழுதினார். 1905இன் கடைசியில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெச்சர் நோயாளிகளை இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பச்சரிசியும் மற்றப் பாதிக்கு இந்தியப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். கட்டடத்தில்தான் நோய் இருக்கிறதோ என்ற ஐயம் வரக்கூடாதென்று இடையில் இரு பகுதியினரையும் விடுதி மாற்றினார். பச்சரிசி உண்டவர்களில் முப்பதுக்கு மேற்பட்டோருக்குப் பெரிபெரி வந்தது, 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் உண்டவர்களில் நோய் கண்டவர்கள் இருவரே, அவர்களுக்கும் சேர்க்கும்போதே அறிகுறி இருந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன் ஜாவாவில் தீட்டிய அரிசி தின்ற கோழிகளில் இதே நோயைக் கண்ட கிறிஸ்தியான் எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. உயிர்ச்சத்து என்ற கருத்தே உருவாக இந்த வரிசை ஆய்வுகள் வழிவிட்டன.

இந்தக் கதையில் நமது வாதத்துக்கு வேண்டிய ஒரு விடயம் இருக்கிறது. பெரிபெரியால் இறந்தவர்கள் மாமிசம் மிகுதியாகத் தின்று இறக்கவில்லை. அவர்கள் உண்டது தாவர உணவு, அதிலும் ஒரேயொரு தாவரத்தின் வெளுத்த உட்பகுதி. காப்பாற்றப்பட்டவர்கள் உண்டதும் அதே தாவரந்தான். மரக்கறியா மச்சமா என்று கேட்டிருந்தால் அந்த வைத்தியர்கள் ஒரு நாளும் விடை கண்டிருக்கமாட்டார்கள். தானியத்தை என்ன செய்து உண்கிறார்கள் என்று கேட்டதால்தான் கண்டார்கள். இன்றைய நீரிழிவு பெரிபெரியைப் போல ஒரேயொரு சத்துக் குறைவால் வருவதல்ல, ஆகவே புழுங்கல் அரிசியை மருந்தாகச் சொல்ல நான் வரவில்லை. கேள்வியை எங்கே வைக்க வேண்டும் என்பதில் மட்டும் நூறு வருடத்துக்கு முந்திய அந்த ஆய்வுகள் இன்னும் வழிகாட்டுகின்றன.

படுவான்கரையில் உரல் எப்போது ஓய்ந்தது என்பதற்கு ஒரே ஒரு வருடத்தைச் சொல்ல முடியாது, ஆனால் அது ஓய்ந்த வழி தெளிவானது. இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் இலங்கையில் அரிசிப் பங்கீடு வந்தது. கூப்பன் அரிசியும் சீனியும் கோதுமை மாவும் சங்கக்கடை வழியாக ஊருக்குள் நுழைந்தன. அரிசி எவ்வளவு பெரிய அரசியல் என்பதற்கு 1953 ஓகஸ்ட் 12 ஹர்த்தாலே சாட்சி. பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏற்றப்பட்டதை எதிர்த்து நாடே எழுந்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் கிழக்கில் நெல்வயலைப் பெருக்கியது. வயல் பெருகப் பெருகக் குரக்கனும் இறுங்கும் தட்டிலிருந்து விலகின. நெல் ஆலைகள் வந்து பெண்களின் தோளிலிருந்து உலக்கையை இறக்கி வைத்தன. இது பெரிய விடுதலை, அதை யாரும் திரும்பப் பறிக்கக்கூடாது. ஆனால் ஆலை தவிட்டை வெகு எளிதாக, வெகு முழுமையாக நீக்கிவிடும். வெள்ளையாக இருப்பதே நல்ல அரிசி என்ற எண்ணமும் கூடவே வந்தது. 1980இல் திருகோணமலையில் பிறீமா மா ஆலை இயங்கத் தொடங்கிய பின் கோதுமை மா கிழக்கின் அன்றாடப் பொருளானது. காலையில் பழஞ்சோறு இருந்த இடத்தில் பாணும் ரொட்டியும் மூன்று கரண்டி சீனி போட்ட தேநீரும் வந்தன.

உள்நாட்டுப் போர் இந்த மாற்றத்தை மேலும் தள்ளிவிட்டது. படுவான்கரை நீண்ட காலம் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில், பொருள்தடைகளுக்குள் இருந்தது. 2007 மார்ச்சில் போர் முற்றியபோது மக்கள் வாவியைக் கடந்து கிழக்குக் கரையான எழுவான்கரைக்கு ஓடினார்கள். பட்டியும் வயலும் விடப்பட்டன, சேனை காடானது, வாவியில் வலைபோடக் கட்டுப்பாடுகள் இருந்தன. முகாமில் கிடைத்த உலர் உணவுப் பங்கு அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். இந்த ஐந்தும் தாவரத்திலிருந்தே வந்தவை. மீனும் தயிரும் கீரையும் அதில் இல்லை. மரக்கறி உணவு என்ற பெயரை மட்டும் வைத்து நலத்தை அளந்தால், அகதி முகாம் வாழ்க்கைதான் படுவான்கரை மக்கள் மிக நீண்ட காலம் தொடர்ந்து கடைப்பிடித்த தூய தாவர உணவுக் காலம் என்று சொல்ல வேண்டிவரும். அந்த உதவி பசியைத் தடுத்தது, உயிரைக் காத்தது. எத்தகைய தாவரம் என்று கேட்காத உணவு அறிவுரை எவ்வளவு வெறுமையானது என்பதற்கும் இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இலங்கை முழுவதையும் எடுத்தால் படம் இன்னும் துலக்கமாகிறது. 2005–2006இல் நடந்த நாடளாவிய நீரிழிவு ஆய்வு, 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. நகர்ப்புறத்தில் 16.4, கிராமப்புறத்தில் 8.7. அந்த ஆய்வு ஒன்பது மாகாணங்களில் ஏழில்தான் நடந்தது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அதில் இல்லை. பழுகாமத்தைப் போன்ற ஊர்கள் நாட்டின் நோய்க்கணக்கில் இடம்பெறாமலே அந்தக் கணக்கு எழுதப்பட்டது என்பது வருத்தத்துக்குரியது. 2018–2019இல் நடந்த மற்றொரு தேசிய ஆய்வு வளர்ந்தோரில் ஏறத்தாழ 23 சதவீதம் என்றது. அளவிட்ட முறைகள் வேறு என்பதால் இரண்டையும் நேராகக் கழித்துப் பார்க்கக்கூடாது. எப்படிப் பார்த்தாலும் சுமை பெரிது. இலங்கையர் ஆளுக்குச் சராசரியாக உண்ணும் இறைச்சியோ உலகக் கணக்கில் மிகக் குறைவானது. இறைச்சி குறைந்த நாடு நீரிழிவில் இவ்வளவு உயர்ந்து நிற்பதை, மச்சம்தான் காரணம் என்ற விளக்கத்தால் கடக்க முடியாது.

உலக ஆய்வுகளும் இதையே வேறு வழியில் சொல்கின்றன. மரக்கறி உணவுக்குச் சாதகமான சான்று உண்டு, அதை மறைக்கக்கூடாது. பிரித்தானியாவின் ஈபிக்–ஒக்ஸ்போர்ட் ஆய்வு ஏறத்தாழ 48,000 பேரை 18 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2019இல் முடிவு வெளியிட்டது. இறைச்சி உண்பவர்களைவிட மரக்கறி உண்பவர்களுக்கு இதயக் குருதிக்குழாய் நோய் 22 சதவீதம் குறைவு. அதே ஆய்வில் அவர்களுக்குப் பக்கவாதம் 20 சதவீதம் கூடுதல். இறைச்சி விட்டு மீன் மட்டும் உண்பவர்களுக்கு இதயநோய் 13 சதவீதம் குறைவு, பக்கவாதத்தில் அப்படித் தெளிவான கூடுதல் இல்லை. அமெரிக்காவின் அட்வென்டிஸ்ட் சபையினரிடையே நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. இறைச்சி உண்பவர்களோடு ஒப்பிட்டால் இறப்பு வீதம் மிகக் குறைவாக இருந்தது மரக்கறியோடு மீனும் உண்டவர்களிடம். நமக்கு இன்னும் நெருங்கியது ஹார்வர்ட் ஆய்வாளர் அம்பிகா சதீஜாவும் மற்றோரும் 2016இல் செய்த வேலை. தாவர உணவு உண்பவர்களை முழுத்தானியம், பருப்பு, காய், பழம் உண்பவர்கள் என்றும், வெள்ளை மா, சீனி, இனிப்புப் பானம் உண்பவர்கள் என்றும் அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். முதல் வகையினருக்கு நீரிழிவு குறைந்தது, இரண்டாம் வகையினருக்குக் கூடியது. 21 நாடுகளில் ஒரு லட்சத்து 32 ஆயிரம் பேரைப் பின்தொடர்ந்த 2020ஆம் ஆண்டு ஆய்வு, வெள்ளை அரிசி மிகுதியாக உண்பதற்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பு தெற்காசியாவில்தான் மிக வலுவாக இருப்பதைக் கண்டது. இவை எல்லாம் மக்களைக் கவனித்த ஆய்வுகள். மரக்கறி உண்பவர்கள் புகைப்பது குறைவு, உடல் எடை குறைவு என்ற வேறுபாடுகளைக் கணக்கில் முழுதாகக் கழிக்க முடிந்ததா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். போடியார் காலத்து வேலையாள் இன்றைய மனிதரைவிட இரண்டு மடங்கு சோறு தின்றானே, அவனுக்கு ஏன் நீரிழிவு வரவில்லை? அரிசியைக் குற்றம் சொல்வது எப்படிச் சரியாகும்? மறுப்பு நியாயமானது, விடையும் அதிலேயே இருக்கிறது. அவன் தின்ற சோறு வேறு. விடியுமுன் எழுந்து வரம்பு கட்டி, ஏர் பிடித்து, சூடு மிதித்து, நெல்மூட்டை சுமந்த உடலின் தசைகள் அந்தச் சீனியை எரித்துவிட்டன. அவனுடைய வீட்டுப் பெண்ணும் உலக்கை பிடித்தவள்தான். இன்று உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்துவிட்டன, தட்டில் சோற்றின் உயரம் மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. இன்னொன்றும் உண்டு. பஞ்சத்திலும் போரிலும் தாய்மார் சத்தில்லாமல் இருந்ததால் எடை குறைந்து பிறந்த பிள்ளைகள், பிற்காலத்தில் உணவு கூடும்போது நீரிழிவுக்கு எளிதில் ஆளாகிறார்கள் என்பதற்குப் பல நாடுகளில் சான்று கிடைத்திருக்கிறது. மட்டக்களப்பு போன்ற ஒரு மாவட்டத்துக்கு இது மிக முக்கியமான செய்தி. ஒரு தலைமுறையின் பட்டினி அடுத்த தலைமுறையின் நோயாக வருமென்றால், உண்பவனின் தட்டை மட்டும் பார்த்து அவனைக் கண்டிப்பது அநியாயம்.

மற்றப் பக்கத்திலிருந்தும் ஒரு மறுப்பு வரலாம். மீனை இப்படிக் காப்பாற்றினால் கருவாட்டின் உப்பையும் காப்பாற்றுவதாகாதா? இல்லை. உப்பு இரத்த அழுத்தத்தைக் கூட்டும் என்பதில் ஐயமில்லை. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் இதில் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும், அவற்றில் இரண்டு முழு மரக்கறி. தேங்காயும் தாவரம்தான். ஆனாலும் தேங்காய் எண்ணெய் மற்றத் தாவர எண்ணெய்களைவிடக் கெட்ட கொழுப்பைக் கூட்டுகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான ஒரு கட்டுரை காட்டியது. சம்பலும் சொதியும் இல்லாத மட்டக்களப்புச் சமையலை நினைக்க முடியாது, நினைக்கவும் வேண்டியதில்லை. பொரிக்கும் எண்ணெயைக் குறைப்பது வேறு, தேங்காய்ப்பூவைக் கைவிடுவது வேறு. நகரத்தைப் பார்த்து ஊருக்குள் வந்திருக்கும் புரொயிலர் கோழியும் பதப்படுத்திய சொசேஜும் பெருகினால் மேற்கு நாட்டு ஆய்வுகளின் எச்சரிக்கை நமக்கும் அப்படியே பொருந்தும். அந்த இடத்தில் மரக்கறிப் பிரசாரம் செய்கிறவர்களோடு எனக்கு வாதமில்லை. வாவி மீனையும் தயிரையும் ஒதுக்கச் சொல்லும்போதுதான் வாதம். பி12 என்ற உயிர்ச்சத்து தாவரத்தில் கிடைப்பதில்லை. மீனும் பாலும் முட்டையும் இல்லாத உணவில் அதை மாத்திரையாகத்தான் எடுக்க வேண்டும். கிளினிக்குக்குப் போய்வரும் பேருந்துக் காசுக்கே கணக்குப் பார்க்கும் குடும்பத்துக்கு அரைக் கிலோ வாவி மீன் அதைவிட மலிவான, நம்பகமான வழி.

விரதத்தை இந்தக் கணக்குக்குள் இழுப்பது தகுமா என்று பக்தர்கள் கேட்கலாம். தகாது என்றே நினைக்கிறேன். அம்மனுக்காக மச்சம் விலக்குகிறவர் கொலஸ்ட்ரோலுக்காக விலக்கவில்லை. அந்த நோன்புக்கு வைத்தியச் சான்றிதழ் தேவையில்லை, அதை வைத்தியமாக விளம்பரப்படுத்துவது நோன்பையும் சிறுமைப்படுத்தும். எனினும் சடங்குக் காலத்தில் வீடுகளில் என்ன சமைக்கப்படுகிறது என்பதில் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. மச்சம் இல்லாத நாட்களில் பயற்றங்கறியும் கீரைச்சுண்டலும் மோரும் கொடுத்த இடத்தைப் பொரித்த வடையும் சீனிப் பலகாரமும் வெள்ளைப் பச்சரிசிச் சோறும் பிடித்து வருகின்றன. நீரிழிவு உள்ள ஒருவர் இப்படி நோன்பிருந்தால் அவரது சீனி ஏறும். கோயிலுக்குள்ளேயே சொல்லக்கூடிய ஒரு திருத்தம் இது, நம்பிக்கைக்கு எந்தக் குந்தகமும் இல்லாதது.

சிவப்புப் புழுங்கல் அரிசிக்குத் திரும்புங்கள் என்று ஊராரைப் பார்த்துச் சொல்வதோ எளிது, செய்வது எளிதல்ல. தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. அது ஒட்டிய அரிசி சில மாதங்களில் சிக்கு வாடை அடிக்கும், வண்டும் விரைவில் பிடிக்கும். குத்தகைக்கு வயல் செய்கிறவர் அறுவடை முடிந்த கையோடு ஈரநெல்லாகவே விற்றுக் கடனை அடைக்கிறார். பிறகு கடையில் பொலனறுவை ஆலையின் தீட்டிய அரிசியை வாங்கிச் சாப்பிடுகிறார். தன் வட்டையில் விளைந்ததைத் தானே உண்ண முடியாமல் போவதுதான் படுவான்கரையின் இன்றைய உணவுப் பிரச்சினையின் வேர். நெல்லைக் காயவைக்கப் பொதுக்களம், அளவாகத் தீட்டும் சிறிய ஊர் ஆலை, கூட்டுறவுச் சங்கம் அந்த அரிசியை வாங்கிப் பாடசாலை மதிய உணவுக்குக் கொடுக்கும் ஏற்பாடு ஆகிய மூன்றும் இருந்தால், எவரும் எவருக்கும் உபதேசம் செய்யாமலே தட்டில் இருப்பது மாறும். கீரையும் பயறும் மேட்டு நிலத்தில் மறுபடியும் விளைய நீரும் விலையும் வேண்டும். வாவியில் மீன் தங்க, கண்டல் மரங்கள் வெட்டுப்படாமலும் வயல் நச்சுமருந்து அதில் வடியாமலும் இருக்க வேண்டும். இவை மாகாண விவசாயத் திணைக்களத்துக்கும் பிரதேச சபைக்கும் உரிய வேலைகள், களுவாஞ்சிக்குடி வைத்தியசாலையின் நீரிழிவு கிளினிக்கில் வரிசையில் நிற்கும் வயலாளருடையவை அல்ல.